சாலையில் உங்களுக்கு நடந்தது என்ன? நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், பஸ் பயணிகள் எழுதுங்கள்

இழையைத் தொடங்கியவர்

எண்பதைத் தொட்ட அம்மாவோடு போன மாதம் ஒரு பெரிய சாலையைக் கடந்தேன். பச்சை விழுந்ததுமே இறங்கிவிட்டோம். கைத்தடியை ஊன்றி ஒரு கால், அப்புறம் மறு கால். பாதிகூடத் தாண்டவில்லை, பச்சை மினுக்க ஆரம்பித்துவிட்டது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. நடுவில் ஒதுங்கி நிற்க ஒரு திட்டு கிடையாது. வீட்டுக்கு வந்ததும், "இனிமே அந்தப் பக்கம் வேண்டாம்ப்பா" என்றார். பல வருடமாக அவர் போய்வரும் நூலகம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒருவர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துத்தான் பல இடங்களில் சிக்னல் நேரம் போடுகிறார்கள். அப்படியானால் 20 மீட்டருக்கு 17 வினாடி. அம்மா வினாடிக்கு முக்கால் மீட்டர் நடந்தால் அதிகம். அவருக்கு 27 வினாடியாவது வேண்டும். நடுவில் 2 மீட்டர் அகலத்துக்கு ஒரு திட்டு இருந்தால் போதும், இரண்டு தவணையாகக் கடந்துவிடுவோம்.

தினமும் சைக்கிளில் போகிறவர்

படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது. நான் போகும் சாலையில் முதலில் வெறும் பெயிண்ட் கோடு போட்டு, இதுதான் சைக்கிள் பாதை என்றார்கள். ஒரே வாரத்தில் அதன் ஓரம் முழுக்கக் கார்கள். ஒருநாள் நின்றிருந்த காரின் கதவு படாரென்று திறந்தது. ஹேண்டில் பார் அதில் மாட்டி, சாலைப் பக்கமாக விழுந்தேன். பின்னால் வந்த பஸ்சின் முன்சக்கரம் என் தலைக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றது என்பது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

பிறகு அதே சாலையை மாற்றிக் கட்டினார்கள். சைக்கிள் பாதை நடைபாதையை ஒட்டி உள்ளே வந்தது, கார்கள் நிற்கும் இடம் வெளியே போனது. கதவு திறக்க இடையில் ஒரு மீட்டர் விட்டிருக்கிறார்கள். நியூயார்க்கில் ஒன்பதாம் அவென்யூவில் 2007-ல் செய்ததும் இதே மாதிரிதான். அகலம் ஒரு அடிகூடக் கூடவில்லை. இப்போது என் மகள் அந்தப் பாதையில் தனியாகப் பள்ளிக்குப் போய்வருகிறாள்.

பஸ் பயணி, பார்வையற்றவர்

சைக்கிள் நண்பரே, உங்களுக்கு நல்லது நடந்ததில் மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பாதை பஸ் ஸ்டாப்புக்குப் பின்புறமாகப் போகும் இடத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். பஸ்சை விட்டு இறங்கி நடைபாதைக்குப் போக நான் அதைக் குறுக்கே தாண்டியாக வேண்டும். கார் வந்தால் காதுக்குத் தெரிந்துவிடும், சைக்கிள் தெரியாது. இரண்டு முறை இடிபட்டிருக்கிறேன். ஓட்டி வந்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கே தாண்டுவது என்று எனக்கும் தெரியவில்லை, எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

காலுக்குத் தட்டுப்படும் மேடிட்ட ஓடுகளை ஜப்பானில் 1967-லேயே ஒகயாமா நகரத்தில் பதித்துவிட்டார்கள். நீளக் கோடு என்றால் நடக்கலாம், புள்ளி என்றால் நிற்க வேண்டும். தாண்டும் இடத்தில் அந்தப் புள்ளி ஓடு நான்கு வரிசை, சைக்கிள் பாதையை அங்கே மட்டும் நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவது. இவ்வளவுதான் கேட்கிறேன்.

சாலை வரைபடம் போடுகிறவர்

என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல வருடமாக எங்களிடம் வந்த முதல் கேள்வி, மணிக்கு எத்தனை வண்டி போகும் என்பதுதான். எத்தனை பேர் போவார்கள் என்று கேட்டதே இல்லை. நானே ஒரு தெருமுனையின் வளைவைத் தாராளமாக வரைந்தேன். வண்டிகள் வேகம் குறைக்காமல் திரும்பின. கடக்கிறவர்களுக்கும் தூரம் கூடிவிட்டது. ஒரு மாலை அங்கே நின்று பார்த்தேன். தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த பெண் மூன்று முறை இறங்கி, மூன்று முறையும் பின்வாங்கினார். அடுத்த வாரம் பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து வளைவை இறுக்கிப் பார்த்தோம். அன்றைக்கே வண்டிகள் மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தன. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் இயக்க ஆற்றல், 30-ல் வருவதைப் போல 2.8 மடங்கு. அறிவிப்புப் பலகையைவிட வளைவின் வடிவம்தான் அந்த வேகத்தைத் தீர்மானிக்கிறது.

இழை தொடங்கியவருக்கு: பச்சை நேரத்தை மூன்று முறை ஸ்டாப்வாட்சில் எடுங்கள். சாலையை இந்த ஓரக்கல்லிலிருந்து அந்த ஓரக்கல் வரை அளந்து, இரண்டையும் மனுவில் எழுதுங்கள்.

இழையைத் தொடங்கியவர்

இன்று காலை போய் அளந்தேன். 21 மீட்டர். பச்சை விழுந்து, மினுக்கி, அணையும் வரை மூன்று முறையும் 18 வினாடி. மனுவை எழுதிவிட்டேன். கையெழுத்து அம்மாதான் போட்டார்.