இயற்பியலிலிருந்து மூளைக்கு வந்த ஓர் ஆய்வு மாணவி

உயிரியலில் முதுநிலை முடிக்கும் தறுவாயில், நரம்பணு ஆய்வகம் ஒன்றில் இரண்டு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். நான்காம் ஆண்டு முனைவர் பட்ட மாணவி ஒருவரிடம் என்னை ஒப்படைத்தார்கள். இளநிலை, முதுநிலை இரண்டிலும் இயற்பியல் படித்தவர். பள்ளிக்குப் பிறகு உயிரியல் புத்தகத்தைத் தொட்டதே இல்லை என்று அவர் சொன்னபோது எனக்குள் சற்று இளக்காரம் எழுந்தது உண்மை.

ஆய்வுச் சேர்க்கைக்கான நேர்முகத் தேர்வில், மூளையில் நினைவுகளோடு தொடர்புடைய பகுதியான ஹிப்போகாம்பஸ் எங்கே இருக்கிறது என்று அவரால் வரைந்து காட்ட முடியவில்லையாம். பிறகு ஒருவர், செல்லுக்கு வெளியே பொட்டாசியத்தின் செறிவு இரட்டித்தால் அதன் சமநிலை மின்னழுத்தம் என்னவாகும் என்று கேட்க, செல்லுக்கு உள்ளும் வெளியும் உள்ள செறிவிலிருந்து அந்த மின்னழுத்தத்தைக் கணிக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைப் பலகையில் எழுதி, உடல் வெப்பநிலையில் சுமார் 18 மில்லிவோல்ட் மாறும், அதாவது மைனஸ் 90-ஐ ஒட்டி இருந்தது மைனஸ் 70-ஐ நெருங்கிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அதே சமன்பாட்டை மூன்று தேர்வுகளில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

ஹிப்போகாம்பஸில் உள்ள தடுப்பு நரம்பணுக்கள், அதாவது பிற நரம்பணுக்களின் துடிப்பை அடக்குபவை, தம் அண்டை நரம்பணுக்கள் எந்தக் கணத்தில் துடிக்க வேண்டும் என்பதை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பதே அவருடைய ஆய்வு. 1976-இல் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் தொடங்கிவைத்து, 1991-இல் அவர்களுக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்த பேட்ச் கிளாம்ப் முறைதான் அவருடைய கருவி; கண்ணாடிப் பிப்பெட்டின் முனையைச் செல்லின் சவ்வோடு ஒட்டவைத்து அதன் மின்னோட்டத்தை அளக்கும் முறை அது. சுண்டெலி மூளையிலிருந்து 300 மைக்ரான் தடிமனில் சீவிய துண்டு, ஆக்சிஜன் குமிழியிடும் உப்புக் கரைசலில் கிடக்கும். கண்ணாடிப் பிப்பெட்டின் முனை ஒன்றிரண்டு மைக்ரான்தான்; மறுகோடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அவர் வாய்க்கு வரும். மெல்ல ஊதியபடி செல்லை நெருங்குவார். திரையில் செல்லின் மேல் சிறு குழி விழுந்ததும் ஊதுவதை நிறுத்திவிட்டு, உறிஞ்சுகிறாரா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு உறிஞ்சுவார். முனை செல்லோடு இறுக ஒட்டிக்கொண்டால், ஐந்து மெகா ஓமாக இருந்த மின்தடை ஒரு கிகா ஓமைத் தாண்டும். ஒரு நாள் முயன்ற பதினொரு செல்களில் தேறியவை இரண்டு. அதை நல்ல நாள் என்றார்.

ஒரு காலையில் பதிவு முழுவதும், வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் படிந்திருந்தது. செல்தான் செத்துக்கொண்டிருக்கிறது என்று நான் உயிரியல் விளக்கமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, அவர் ஒவ்வொரு கம்பியாகக் கழற்றிக்கொண்டே வந்து, முந்தைய நாள் நான் கேமராவுக்குத் தனியாகக் கொடுத்திருந்த நில இணைப்பில் (எர்த்) நின்றார். அதைக் கழற்றியதும் கோடு சுத்தமானது. என்னைத் திட்டவில்லை, நில இணைப்பு ஒரே புள்ளியில்தான் சேர வேண்டும், இரண்டு வழி இருந்தால் அது ஒரு வளையமாகி இரைச்சலை வாங்கும் என்று மட்டும் சொன்னார்.

மறுமொழி:

எனக்கு வாய்த்தது இதற்கு நேர்மாறான அனுபவம். நான் புள்ளியியல் படித்தவன். மருத்துவம் முடித்துவிட்டு நரம்பியலில் முனைவர் பட்டத்துக்கு வந்த ஒருவருக்கு, மூளையின் ரத்த ஓட்ட மாற்றங்களைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் தரவுகளை அலசிக் கொடுக்கும் பணியில் இருந்தேன். அவருக்கு நிரல் எழுத வராது, அதில் எனக்குச் சிறிது கர்வமும் உண்டு. ஒரு பங்கேற்பாளரின் தரவில், கடினமான கேள்விகளின்போது மூளை முழுவதும் ஒருசேர சமிக்ஞை உயர்ந்திருந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று படங்களோடு போய் நின்றேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "மூச்சை அடக்கியிருப்பார். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் ரத்தக் குழாய்கள் விரியும், எல்லா இடத்திலும் சமிக்ஞை உயரும்" என்றார். பங்கேற்பாளரின் வயிற்றில் கட்டியிருந்த பட்டையின் மூச்சுப் பதிவு எங்களிடமே இருந்தது. நான்தான் அதைத் திறந்து பார்த்திருக்கவில்லை. கடினமான கேள்வி வந்த இடங்களிலெல்லாம் அந்தக் கோடு தட்டையாகக் கிடந்தது.