அதே படம், அதே சோபா, நாப்பத்தேழாவது தடவை

நிலாம்மா, கோவை

எங்க வீட்டு டிவியில மூணு மாசமா ஒரே படம்தானுங்க. ‘நான் ஈ’. 2012-ல வந்தப்ப நான் காலேஜைக் கட் அடிச்சுட்டுப் போய்ப் பார்த்தது. இப்ப நாலு வயசுப் பொண்ணு அதைப் பிடிச்சுக்கிட்டா. காலண்டர்ல கோடு போட்டு எண்ணிட்டு வந்தேன், நாப்பத்தேழோட கை வலிச்சு விட்டுட்டேன். வேற எதையாவது போட்டா மூணு நிமிஷம் தாங்காது. ரிமோட்டைக் கொண்டாந்து என் மடியில வெச்சு, “ஈ” அப்படின்னு ஒரே வார்த்தை.

பார்க்கிறதைக் கூடப் பொறுத்துக்கலாமுங்க. இன்னொரு கூத்து இருக்கு. ஹீரோ நானியை வில்லன் சுதீப் கொல்லுற இடம் வருதில்லையா, அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே எந்திரிச்சுப் போய் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி நின்னுக்குவா. அங்கிருந்தே “வந்துருச்சா, வந்துருச்சா”ன்னு கேட்டுட்டே இருப்பா. செத்தவரு ஈயாப் பொறந்து முட்டையில இருந்து வெளிய வந்ததும் ஓடிவந்து உக்காந்துக்குவா. பயமா இருந்தா எதுக்குப் பார்க்கணும்? பாதியில நிறுத்தினா வீடு ரெண்டாகுது. உங்க வீட்டுலயும் இப்படி ஏதாச்சும் நடக்குதுங்களா?

வாலுப்பயல் அப்பா, சென்னை

வாங்க சிஸ்டர், உங்களைத்தான் தேடிட்டு இருந்தேன். என் பையனுக்கு மூணரை. அவன் படம் எதுன்னு சொல்ல மாட்டேன், சொன்னா அதுல வர்ற குத்துப்பாட்டு இன்னிக்குப் பூரா உங்க மண்டையில ஓடும்.

குழந்தை டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார், ரெண்டுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல திரை கூடாதுன்னு. உலக சுகாதார நிறுவனமும் 2019-லயே அதைத்தான் சொல்லியிருக்கு, குறைச்சா இன்னும் நல்லதாம். நம்ம படமோ ரெண்டரை மணி நேரம். என்ன பண்றது? கடவுளா பார்த்துக் கொடுத்த வரம், நம்ம படங்கள்ல இடைவேளைன்னு ஒண்ணு இருக்கே! கார்டு விழுந்ததும் டிவியை அணைச்சிடுவேன். “இடைவேளை விட்டாச்சு தம்பி, மீதி நாளைக்கு.” பாப்கார்ன்கூட ஒரு கிண்ணம் கொடுத்துப் பார்த்தேன், முறைப்படி நடக்கட்டுமேன்னு. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலதான் போகுது, டாக்டர் இதைப் படிக்கலன்னு நம்புறேன்.

அடுத்த நாள் மீதியைப் போட்டா ஒத்துக்க மாட்டேங்கறான். “முதல்ல இருந்து!” இப்படியே அஞ்சு மாசம். அவனைப் பொறுத்தவரைக்கும் வில்லன் சிரிக்கிறதோட படம் முடியுது. போன வாரம் ஒரு கல்யாண வீட்ல யாரோ கிளைமாக்ஸ் பத்திப் பேசப் போக, என்னை ஒரு பார்வை பார்த்தான் பாருங்க, சொத்தை மறைச்ச பெரியப்பாவைப் பார்க்கிற மாதிரி.

பழைய ஆபரேட்டர், தென்காசிப் பக்கம்

பேத்தி போனைக் கையில குடுத்துட்டுப் போயிட்டா, அதான் எழுதுதேன். டைப் பண்ண நேரமாவும், பொறுத்துக்கிடுங்க.

நான் இருபத்தாறு வருசம் தியேட்டர்ல ஆபரேட்டரா இருந்தவன். கார்பன் குச்சி எரிச்சுப் படம் ஓட்டுன காலம். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பாக்கதப் பத்தி எங்கிட்ட கேக்கணும். நாலு ஷோ வீதம் அம்பது நாள் பாத்திருக்கேன், சம்பளத்துக்கு.

எம் மவன் அப்ப ஒண்ணாங்கிளாஸ். சாயங்காலம் அவங்கம்மா தூக்குவாளியில சோறு குடுத்து அனுப்புவா. வந்தவன் ஆபரேட்டர் ரூம்லயே உக்காந்துருவான். ராம நாராயணன் படம் ஒண்ணு ஓடுது. குரங்கு, யானை, பாம்பு எல்லாம் வரும், கீழ பிள்ளைக சத்தம் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போவும். இவன் மட்டும் சத்தம் போடாம ஓட்டை வழியா உத்துப் பாத்துக்கிட்டே இருப்பான். படம் அவ்வளவு புடிச்சிருக்கு போலன்னு நினைச்சேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழிச்சுத்தான் வெளங்குச்சு. ரெண்டு மெஷின்ல மாத்தி மாத்தி ஓட்டுவோம். ஒரு ரீல் முடியதுக்கு ஏழெட்டு செகண்டு இருக்கையில திரையில வலது மேல் மூலையில சின்னதா ஒரு பொட்டு வந்துட்டுப் போவும். அதப் பாத்து அடுத்த மெஷின் மோட்டாரைப் போடணும். முடியதுக்கு முந்தி இன்னொரு பொட்டு, அதுக்கு மாத்திரணும். கொட்டகையில இருக்க எவனும் அதக் கவனிக்க மாட்டான். எம் மவன் பாத்துக்கிட்டிருந்தது அந்தப் பொட்டைத்தான். ஒரு நா எனக்குக் கண்ணு அசந்துட்டு. “யப்பா, பொட்டு!”ன்னு ஒரே கத்து. அவன் மட்டும் கத்தலேன்னா திரை வெள்ளையாப் போயி, முதலாளி மேல ஏறி வந்திருப்பாரு.

யானை வந்துச்சே, குரங்கு என்ன பண்ணுச்சுன்னு கேட்டா ஒண்ணும் சொல்லத் தெரியாது அவனுக்கு. அதனால அம்மா, உங்க பிள்ளை எதப் பாக்குதுன்னு பக்கத்துல உக்காந்து அவ கண்ணைப் பாருங்க. திரையைப் பாக்காதீங்க.

சைக்காலஜி அத்தை, திருச்சி

ஐயா, உங்க பையன் பொட்டு பார்த்த கதையை வகுப்புல சொல்லப் போறேன், அனுமதி கொடுங்க.

நான் படிச்சதுல ரெண்டு விஷயம். அமெரிக்காவுல ‘ப்ளூஸ் க்ளூஸ்’னு 1996-ல ஒரு குழந்தைகள் நிகழ்ச்சி தொடங்கினாங்க. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஒரே எபிசோடு, வேணும்னே. டேனியல் ஆண்டர்சனும் கூட இருந்தவங்களும் 3 முதல் 5 வயசுப் பிள்ளைகளுக்கு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டி 1999-ல எழுதினாங்க. பிள்ளைங்க சலிச்சுப் போகல. பார்க்கப் பார்க்கப் புரிதல் கூடுச்சு, திரையைப் பார்த்து பதில் சொல்றது ரொம்பவே கூடுச்சு. ஒரு படத்தை நாம முதல் தடவையே முழுசா வாங்கிக்கிறோம். நாலு வயசுக்கு அப்படி இல்ல. முதல் தடவை யார் யாருன்னு பிடிபடவே நேரம் போயிடும்.

இன்னொண்ணு கதைப் புத்தகம் பத்தினது. இங்கிலாந்துல சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011-ல செஞ்சது. 3 வயசுக் குழந்தைகள்ல சிலருக்கு அதே கதைகளைத் திரும்பப் படிச்சாங்க, சிலருக்கு வேற வேற கதை. புது வார்த்தைங்க ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், அதே அளவுதான் காதுல விழுந்துச்சு. அதே கதையைக் கேட்டவங்களுக்குத்தான் வார்த்தைங்க நல்லா தங்குச்சு.

உடனே போனைத் தூக்கிக் கொடுத்துட்டு “படிப்பு நடக்குது”ன்னு கிளம்பிடாதீங்க. அந்த ரெண்டாவது ஆராய்ச்சியில படிச்சுக் காட்ட மடியோட ஒரு ஆள் இருந்துச்சு.

அங்கன்வாடி டீச்சர், விழுப்புரம் மாவட்டம்

பாட்டி வடை சுட்ட கதையில காக்காவுக்கு பதிலா கிளின்னு ஒரு நாள் மாத்திச் சொன்னேன். இருபது பிள்ளைங்களும் சேர்ந்து என்னைத் திட்டுன திட்டு! ஒரு வாண்டு சத்துமாவு உருண்டையைக் கீழ வெச்சுட்டு, “டீச்சருக்குக் கதை தெரியல”ன்னுச்சு. அதுல இருந்து காக்காதான்.

கிருஷ்ணன் கோயில் தெரு அக்கா, நாகர்கோவில்

எல்லாரும் சிரிச்சுக்கிட்டே எழுதுறீங்க, என் கதை கொஞ்சம் வேற.

என் மகனுக்கு ஆறு வயசு, ஆட்டிசம். மூணு வயசு வரைக்கும் பேச்சே இல்லை. அவன் பார்க்கிறது 2019-ல வந்த ‘லயன் கிங்’, தமிழ்ல. எத்தனை நூறு தடவைன்னு எனக்குக் கணக்கில்லை. மாமியார் சொன்னாங்க, இந்தப் படம்தான் பிள்ளையைக் கெடுக்குதுன்னு. நானும் நம்பி ஒரு மாசம் நிறுத்திப் பார்த்தேன். அந்த மாசத்தை நினைச்சாலே எனக்கு வயிறு கலங்கும்.

பேச்சு வந்தப்போ அந்தப் படத்துலேருந்துதான் வந்துச்சு. அவனுக்குப் பசிச்சா “பசிக்குது”ன்னு சொல்லத் தெரியாது. பும்பாங்கிற காட்டுப்பன்னி பேசுற வசனம் ஒண்ணு வரும், அதுக்குத் தமிழ்ல குரல் கொடுத்த ரோபோ சங்கரோட ஏத்த இறக்கம் அப்படியே இருக்கும். பயந்தா வில்லன் சிங்கம் ஸ்காரோட வசனம்; அதுக்குக் குரல் கொடுத்த அரவிந்த்சாமி மாதிரி மெதுவா, அழுத்தி. ஊசி போடப் போன இடத்துல என் பிள்ளை அரவிந்த்சாமி குரல்ல பேசினதும் நர்ஸுக்குச் சிரிப்பு. எனக்கு மட்டும் தெரியும், அவன் நடுங்கிட்டு இருக்கான்னு.

பேச்சுப் பயிற்சி தர்றவங்க இதுக்கு எக்கோலேலியான்னு பேர் சொன்னாங்க. நிறுத்தச் சொல்லலை. எந்த வசனம் எப்ப வருதுன்னு ஒரு நோட்டுல எழுதச் சொன்னாங்க. அந்த நோட்டுதான் எனக்கு அகராதி. முப்பத்தொரு வசனம் இருக்கு இப்ப. போன மாசம் பும்பா வசனத்துக்குப் பின்னாடி அவனாவே “அம்மா”ன்னு சேர்த்தான். அது படத்துல இல்லை.

வாலுப்பயல் அப்பா, சென்னை

அக்கா, கடைசி வரியைப் படிச்சுட்டு ஆபீஸ்ல எழுந்து வெளிய போய் நின்னுட்டேன். அந்த நோட்டைப் பத்திரமா வைங்க.

நிலாம்மா, கோவை

ஆபரேட்டர் ஐயா சொன்னதை நேத்து செஞ்சு பார்த்தேனுங்க. திரையைப் பார்க்காம அவளையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். வழக்கம்போல எந்திரிச்சா, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி போனா. நானும் பின்னாடியே போய், ரெண்டு பேரும் அந்த இடுக்குல நின்னோம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி அத்தனை தூசி இருக்குன்னு நேத்துதான் தெரிஞ்சுது.

“எதுக்குச் சாமி இங்க வர்றே?”ன்னு காதுல கேட்டேன். என்னை மேல கீழ பார்த்துட்டு, “அந்த மாமா செத்துருவாரு”ன்னா. “அப்புறம் ஈயா வந்துருவாருல்ல? உனக்குத்தான் தெரியுமே.” அதுக்கு அவ ரகசியம் மாதிரி சொல்றா: “நேத்து வந்தாரு. இன்னிக்கும் வருவாரான்னு தெரியாதில்ல?”

எனக்குப் பேச்சே வரலீங்க. நாப்பத்தேழு தடவையும் இவ நெசமாவே தெரியாமத்தான் அங்க நின்னிருக்கா.

முட்டை உடையுற சத்தம் கேட்டுது. என் கையை இழுத்துட்டு ஓடினா. சோபாவுல ஏறி உக்காந்து, “பாத்தியா, வந்துட்டாரு”ன்னு எனக்குச் சொல்றா. இன்னிக்குச் சாயங்காலம் பால்வாடி விட்டு வந்ததும் மறுபடி போடணுமாம். ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் முன்னாடி நகர்த்தி, பின்னாடி கூட்டி வெச்சிருக்கேன்.