ஆர்டர் பாதியாகிவிட்டது. விலையைக் குறைப்பதா, ஆளைக் குறைப்பதா?

டர்னிங்_பட்டறை:
4 சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்), 9 பேர். பம்புக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கிறோம். சில மாதமாக ஆர்டர் பாதிதான். பெரிய பார்ட்டி 20 சதவீதம் விலை குறைத்தால் வேலை தருகிறேன் என்கிறார். ஒத்துக்கொள்வதா, இல்லை இரண்டாவது ஷிஃப்டை நிறுத்தி ஆட்களை அனுப்பிவிடுவதா?

பழைய_லேத்:
ஆட்கள் விஷயம் அப்புறம். முதலில் விலை. ஒரு ஷாஃப்ட் 100 என்று வையுங்கள். கடைய வாங்கும் ராடு 55, இன்சர்ட் (தேயத் தேய மாற்றும் வெட்டு முனை), கரண்ட், போக்குவரத்து 15. மிச்சம் 30. வாடகை, சம்பளம், வட்டி எல்லாம் அதில்தான் ஓடுகிறது. 80க்குக் கொடுத்தால் மிச்சம் 10. பழைய மிச்சத்தைப் பார்க்க மூன்று மடங்கு கடைய வேண்டும். மெஷின் சும்மா கிடப்பதற்கு அந்த 10 மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் இறங்கிய விலையை மறுபடி ஏற்றுவது லேசில்லை. நான் என்றால் வேறு மாதிரி கேட்பேன்: "ராடை நீங்களே கொடுங்கள், கடைசல் கூலி மட்டும் போதும்." உங்கள் பணம் ராடில் முடங்காது. அதற்கு ஒத்துவரவில்லையா, 90 நாளில் வரும் பில் பணத்தை 30 நாளில் தரச் சொல்லி, அதற்கு ஈடாகக் கொஞ்சம் விலை குறையுங்கள்.

அப்புறம் ரேக்கைப் பாருங்கள். ஆறு மாதமாக அசையாத ராடு, பாதியில் நிற்கிற பீஸ் எல்லாவற்றிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கோடு போட்டதெல்லாம் தூங்குகிற பணம். விற்க முடிந்ததை விற்றுவிடுங்கள்.

ஆட்களில் செட்டரை, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் மெஷினை அமைத்துக் கொடுப்பவரை, மட்டும் விட்டுவிடாதீர்கள். பார்ட்டிகள் கையிருப்பைக் கரைக்கும்போது அவர்கள் விற்பனை கொஞ்சம் குறைந்தாலே நம் ஆர்டர் பாதியாகும். கையிருப்பு தீர்ந்ததும் அதே வேகத்தில் திரும்பிவரும். அப்போது செட்டிங் தெரிந்த ஆளை எங்கே தேடுவீர்கள்? 2009இல் ஜெர்மனியில் வேலை நேரத்தைக் குறைத்து, இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியை அரசே கொடுத்து, 10 லட்சத்துக்கும் அதிகமானவர்களை வேலையிலேயே வைத்திருந்தார்கள். நமக்கு அப்படி உதவி இல்லாவிட்டாலும், ஆட்களோடு பேசி எல்லோருக்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம்.

கணக்கப்பிள்ளை:
அடுத்த 13 வாரத்துக்கு எந்த வாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். லாபக் கணக்கு வேண்டாம், பணம் மட்டும். பள்ளம் தெரிகிற வாரத்துக்கு முன்பே வங்கியில் போய்ப் பேசுங்கள். தவணை தவறிய பிறகு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். இன்னொன்று: ஆர்டர் திரும்பும்போதுதான் பலருக்குக் கை கடிக்கும். ராடு இன்றே வாங்க வேண்டும், பில் பணம் பிறகுதான் வரும்.

டர்னிங்_பட்டறை:
பேசிப் பார்த்தேன். ராடு தருகிறாராம், ஆனால் கடையும்போது விழும் உலோகச் சுருளும் அவருக்கே வேண்டுமாம். நான் ஸ்க்ராப் காசையும் கணக்கில் வைத்திருந்தேன்.

பழைய_லேத்:
கொடுத்துவிடுங்கள், கூலியில் கொஞ்சம் ஏற்றிக் கேளுங்கள். ராடு வரும் எடை, பீஸ் போகும் எடை, சுருள் எடை மூன்றையும் சலானில் எழுதுங்கள். ரிஜெக்ட் ஆனால் ராடு காசு யார் தலையில் என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள். அவர் ராடிலேயே விரிசல் இருந்தால் அது உங்கள் கணக்கில் வரக்கூடாது.