தைராய்டும் பால் சேராத வயிறும்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

நெல்லைக்காரி:
பத்து மாதம் வயிற்றுப்போக்கு. பூச்சி மருந்து, ஓமத் தண்ணீர், மாதுளைத் தோல் கஷாயம் எல்லாம் ஆயிற்று. பால் குடித்தால் வயிறு உப்பிவிடும். பாலை விட்டேன், எடையும் ஒன்பது கிலோ போயிற்று. கடைசியாகப் பார்த்த மருத்துவர் வயிற்றைத் தொடவே இல்லை. கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று நடுங்கியது. என் கை நடுங்குவது அதுவரை எனக்கே தெரியாது. டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் சுரப்பு; தைராய்டு மிகுந்தால் இறங்கும்) 0.01. தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மருந்து தொடங்கிய நான்காவது மாதம் பால் காபி குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் அந்தப் பத்து மாதம் என் குடலில் என்னதான் நடந்தது?

ஆய்வுக்கூடத்தான்:
முதுகலை படித்தபோது எலிக்குட்டிகளின் சிறுகுடலில், பால் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் நொதியை அளந்தோம். பால் குடிக்கும் வயதில் அந்த நொதி ஏராளம். பால் மறக்கும் மூன்றாம் வாரத்தில் சரியும். லாக்டோஸ் உடைந்து குளுக்கோஸ் வரவரக் குழாயில் நிறம் ஏறும். தைராக்சின் (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) ஊசி போட்ட குட்டியின் குழாய் மட்டும் வெளிறியே நின்றது. மூன்று முறை செய்தும் அப்படியே. தைராக்சின் மிகுந்தால் லாக்டேஸ் குறைகிறது. உங்களுக்கும் அதுதான்.

கரூர் மகன்:
எலிக்குட்டியை வைத்து வளர்ந்த மனிதருக்கு முடிவு சொல்லாதீர்கள். நம்மில் பலருக்கு லாக்டேஸ் சிறுவயதிலேயே குறைந்துவிடுகிறது. தைராய்டு மிகும்போது குடல் உணவை விரட்டுகிறது; இருக்கிற கொஞ்ச நொதிக்கும் பாலை உடைக்க நேரம் கிடைப்பதில்லை. சகோதரிக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

என் அம்மாவுக்கு நேர்மாறு, குறைச்சுரப்பு. தைராக்சின் மாத்திரையை 100 மைக்ரோகிராம் வரை ஏற்றியும் டிஎஸ்எச் இறங்கவில்லை. ஒருநாள் விடியற்காலை சமையலறைக்குப் போனேன்; காபி டம்ளரோடு மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார். ஆகவே எல்லோரும் கேளுங்கள். வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் போடுங்கள். காபிக்கும் காலை உணவுக்கும் அரைமணி முதல் ஒருமணி நேரம் பொறுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணிநேர இடைவெளி வேண்டும். பல மாத்திரைகளில் லாக்டோஸ் சேர்க்கிறார்கள், அட்டையைப் படியுங்கள். அப்படியும் அளவு ஏறிக்கொண்டே போனால் கோதுமைப் புரதத்தால் குடல் கெடும் சீலியாக் நோய் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது குடல் உட்சுவரின் நுண்விரல்களான குடலுறிஞ்சிகளைத் தேய்த்துவிடும், லாக்டேஸும் அவற்றோடு போகும். ஆனால் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், முடிவு தவறிப்போகும்.

நெல்லைக்காரி:
ஐயா, நான் அந்த மாத்திரை போடுபவள் அல்ல. ஆனால் நேரம் கிடைப்பதில்லை என்றீர்களே, அது எனக்குப் பொருந்துகிறது. சாப்பிட்ட கீரை அப்படியே வெளியே வந்த நாட்கள் உண்டு.

தஞ்சை வாசகர்:
தாள் சோதனையை மட்டும் நம்பவேண்டாம், கை நடுங்காமலும் தைராய்டு மிகலாம். என் தந்தைக்கு 74 வயது. கை நடுங்கவில்லை, பசியும் இல்லை. எடை மட்டும் கரைந்தது. குடலில் புற்றுநோய் என்றே அஞ்சி உள்நோக்கிக் கருவி வரை போனோம். அங்கே நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடித்த செவிலியர், கடிகாரத்தைப் பார்த்தபடி நெடுநேரம் கையை விடவே இல்லை.