வீட்டில் செய்த பாஸ் கிட்டார்: வளைந்த கழுத்து, மங்கிய ஒலி. பழைய நிலைக்காலை அறுக்கலாமா?

காயில் கட்டுபவன், காரைக்குடி:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயப் பாடற்குழுவில் பாஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஆறு ஆண்டுகள் இரவல் கருவியில் வாசித்த பிறகு, சென்ற ஆண்டு நான்கு தந்தி பாஸ் ஒன்றை நானே செய்தேன். உடல், கழுத்து இரண்டும் மரக்கடையில் வாங்கிய நாட்டுத் தேக்கு. ஸ்கேல் நீளம், அதாவது தந்தி அதிரும் நீளம், 34 அங்குலம் (864 மி.மீ.). தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பையும் என் கடையிலேயே சுற்றினேன்.

மூன்று மாதங்களில் மூன்று குறைகள் தெரிந்தன. முதலாவது, கழுத்து முன்பக்கமாக வளைந்து, 12-ஆம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தியின் உயரம் 5 மி.மீ. ஆகிவிட்டது, வளைவைத் தடுக்கும் இரும்புத் தண்டான டிரஸ் ராடு எதையும் கழுத்துக்குள் நான் வைக்கவில்லை. இரண்டாவது, ஒலி மிக மெல்லியதாக இருக்கிறது, அதன் மேல் இரைச்சலும் சேர்கிறது. புத்தகத்தில் படித்தபடியே 42 கேஜ் (தடிமன் எண்) கம்பி வாங்கி, நீளமான ஒற்றைக் காயிலாகச் சுற்றினேன். 9,000 சுற்றுகள் வர வேண்டிய பாபின் 3,500 சுற்றுகளிலேயே நிரம்பிவிட்டது, மீட்டரில் 1.1 கிலோ ஓம் காட்டுகிறது. மூன்றாவது, மேல் ஃபிரெட்டுகளுக்குப் போகப் போகச் சுருதி ஏறி ஒலிக்கிறது.

இதையெல்லாம் இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் தாத்தா தச்சு வேலை செய்த பழைய வீடு ஒன்றை அண்மையில் பிரித்தார்கள். அதிலிருந்து பர்மாத் தேக்கு நிலைக்கால் ஒன்றை விலைக்கு வாங்கி வந்திருக்கிறேன். ஏழடி நீளம், ஆறங்குல அகலம், நான்கங்குலக் கனம். முன்முகத்தில் கொடியும் பூவும் செதுக்கியிருக்கிறது, அது அவர் கைவேலையாகவும் இருக்கலாம். இரண்டாவது பாஸை இந்த மரத்தில் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் முதல் கருவியின் தவறு இன்னதென்று தெளிவாகத் தெரியாமல் இந்த மரத்தில் வாளை வைக்க எனக்கு மனம் வரவில்லை. தேக்கு கழுத்துக்கு உதவாத மரமா? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலைவாசல், தேவகோட்டை:

தம்பிக்கு வணக்கம். பழைய வீடுகளின் கதவு, நிலை, சன்னல்களைச் செப்பனிடுவது என் தொழில். மகனுக்காக இரண்டு பாஸ் கிட்டார்கள் செய்திருக்கிறேன். அவற்றில் முதலாவதின் கழுத்தும் உங்களுடையதைப் போலவே வளைந்தது.

தேக்கின் மேல் பழி போட வேண்டாம். கடைக் கருவிகளின் கழுத்துக்குப் பயன்படும் மேப்பிளை விட நல்ல தேக்கின் விறைப்பு பெரிதாகக் குறைந்ததல்ல. 34 அங்குல ஸ்கேலில் வழக்கமான 45 முதல் 105 வரையான தந்திக் கட்டு, நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 75 முதல் 80 கிலோ எடைக்கு நிகராக இழுக்கிறது. ஒரு வளர்ந்த ஆள் இரவும் பகலும் அந்தக் கழுத்தைப் பிடித்துத் தொங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே எதிர்த்து நிற்க இரும்பு இல்லாவிட்டால், கடையில் மதிய வெயில் ஏற ஏற எந்த மரமும் மெல்ல மெல்ல இணங்கிக் கொடுத்துவிடும். இருபுறமும் திருக்கக் கூடிய டிரஸ் ராடு ஒன்றை வாங்கி, அதன் அகலத்துக்கும் ஆழத்துக்கும் பொருந்தக் காடி எடுத்துக் கழுத்தில் பதியுங்கள். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் வேண்டாம். உடல் எந்த மரமானாலும் கருவி ஒலிக்கும். கழுத்து நேராக இல்லாவிட்டால் அது வாசிக்கும் கருவியே ஆகாது.

அடுத்து, ரேகையைப் பாருங்கள். நிலைக்காலின் வெட்டுமுகத்தை இழைத்துத் தண்ணீர் தடவினால் வளையங்கள் தெரியும். கழுத்தில் அந்த வளையக் கோடுகள் விரற்பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். படுத்த ரேகையாக இருந்தாலும் கவலையில்லை: பலகையை 30 மி.மீ. அகலப் பட்டைகளாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினால் ரேகையும் நிமிர்ந்துவிடும். அப்படி இரண்டு பட்டைகளுக்கு நடுவே 12 மி.மீ. ஈட்டி மரப் பட்டை ஒன்றை வைத்து ஒட்டினால், டிரஸ் ராடு காடியையும் அந்த ஈட்டியிலேயே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு தேக்குப் பட்டைகளையும் ஒரே பலகையில் அடுத்தடுத்து எடுத்து, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். ஒன்று இழுக்கும் பக்கத்துக்கு எதிராக மற்றொன்று இழுத்துச் சமன் செய்யும்.

தேக்கில் எண்ணெய்ப்பசை அதிகம் என்பதால் சாதாரணப் பசை பிடித்தது போல் தோன்றிப் பின்னர் விட்டுவிடும். ஒட்டப் போகும் முகங்களை அப்போதுதான் இழைத்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது காய்ந்ததும் தாமதிக்காமல் எபாக்சி இட்டு இறுக்குங்கள். காலையில் துடைத்து மாலையில் ஒட்டினால் எண்ணெய் மறுபடியும் மேலே வந்துவிடும். உளியும் இழைப்புளியும் வேறு மரங்களில் மழுங்குவதை விட இதில் விரைவில் மழுங்கும், தேக்குக்குள் சிலிக்கா இருப்பதே அதற்குக் காரணம். சாணைக்கல்லைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் நிலைக்கால். சித்திர வேலை உள்ள முன்முகத்தை 12 மி.மீ. பலகையாகத் தனியே அறுத்து எடுத்துவிடுங்கள். அந்தக் கைவேலையை ரூட்டருக்குக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. மீதியில் வாள் தின்பது போக, 40 மி.மீ. கனத்தில் உடலுக்கு ஒரு பலகையும் அதைவிடச் சற்று மெல்லியதாகக் கழுத்துக்கு ஒரு பலகையும் கிடைக்கும். ஆறங்குலப் பட்டைகள் மூன்றை ஒட்டினால் உடலின் அகலம் வந்துவிடும். எடையை மட்டும் முன்கூட்டியே கணக்கிடுங்கள்: பாஸ் உடலின் கன அளவு ஏறக்குறைய 5,000 கன செ.மீ., நன்கு காய்ந்த தேக்கு கன செ.மீ.க்கு 0.65 கிராம் எனக் கொண்டால் உடல் மட்டுமே மூன்றேகால் கிலோ வரும். இரண்டு மணி நேர ஆராதனை முழுவதும் அதைத் தோளில் தாங்க வேண்டும். உள்ளே அறைகள் குடைந்து முக்கால் கிலோவாவது குறையுங்கள். ஆனால் உடல் இலேசானால் தலைப்பக்கம் கீழே சாயும் என்பதால், மேல் கொம்பை நீட்டி, வார் மாட்டும் குமிழ் 12-ஆம் ஃபிரெட்டுக்கு நேராக வருமாறு வரைந்துகொள்ளுங்கள்.

நுண்கம்பி, கோட்டையூர்:

காயில் கட்டுபவருக்கு வணக்கம். பல ஆண்டுகள் ஆய்வகத்தில் கருவிகளைப் பழுது பார்த்தவன் நான். நீங்கள் எழுதிய 3,500 சுற்று, 1.1 கிலோ ஓம் என்ற இரண்டு எண்களைப் பார்த்ததுமே காரணம் புரிந்துவிட்டது. உங்கள் கைவேலையில் குறை எதுவும் இல்லை. வாங்கிய கம்பி வேறு.

பிக்கப் பற்றிய நூல்கள் சொல்லும் 42 என்பது அமெரிக்கக் கேஜ். அதன் செம்பு விட்டம் 0.063 மி.மீ. நம் ஊர்க் கடைகள் கொடுப்பதோ எஸ்.டபிள்யூ.ஜி. என்னும் பிரிட்டிஷ் கேஜ் அளவு. அதில் 42 என்றால் 0.102 மி.மீ. ஆகும். விட்டத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் என்றால், பரப்பில் இரண்டரை மடங்கு. அதனால்தான் பாபின் இரண்டரை மடங்கு முன்னதாகவே நிரம்பியது. கம்பி பருத்தது, சுற்றும் குறைந்தது. இரண்டும் சேர்ந்து மின்தடையை ஏழில் ஒரு பங்காக்கிவிட்டன. எஸ்.டபிள்யூ.ஜி. 46 கேட்டு வாங்குங்கள், 0.061 மி.மீ. இருக்கும். எண்ணை மட்டும் நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள், எனாமல் பூச்சு சேர்ந்து சற்றுக் கூடுதலாகக் காட்டும். 9,000 சுற்றுகள் ஏறினால் ஏழு, ஏழரை கிலோ ஓம் வரும், ஒலியும் எழும். மோட்டார் கம்பியை இழுக்கும் பலத்தில் இதை இழுத்தால் அறுந்துவிடும். இரண்டு விரல்களுக்கிடையே கம்பளித் துணியை வைத்து அதன் வழியே கம்பியை ஓட விடுங்கள்.

உங்கள் கடையில் வார்னிஷில் முக்கிச் சுடும் வழக்கம் இருக்கும். பிக்கப்புக்கு அது வேண்டாம், பின்னாளில் பிரித்துப் பழுது பார்க்க இயலாமல் போகும். நான்கு பங்கு பாரஃபின் மெழுகில் ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 65 டிகிரி அளவில் உருக்கி, காற்றுக் குமிழ்கள் நிற்கும் வரை காயிலை முக்கி வையுங்கள். நேரடி நெருப்பில் மெழுகை ஒருபோதும் வைக்காதீர்கள்.

இரைச்சலைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பாஸில் அது மிகவும் வேதனை தரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ தந்தியின் திறந்த சுரம் 41.2 ஹெர்ட்ஸ், ஏ தந்தியுடையது 55. ஈ தந்தியில் மூன்றாம் ஃபிரெட்டின் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். ஆகவே அந்தச் சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போது மின் இரைச்சலும் அதுவும் உரசி, நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் அலையாகக் கேட்கும். ஒற்றைக் காயிலில் இதை முழுவதும் நீக்க முடியாது. 1957-இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் பிரிசிஷன் பாஸின் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, தாழ்ந்த இரண்டு தந்திகளுக்கு ஒரு காயில், உயர்ந்த இரண்டுக்கு ஒரு காயில் என்று வைத்தது. இரண்டு காயில்களின் காந்த முனைகளும் ஒன்றுக்கொன்று எதிர், சுற்றும் எதிர்த் திசை; தொடராக இணைக்கும்போது தந்தியின் ஒலி அப்படியே நிலைத்திருக்கிறது, வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கிறது. நீங்களும் அப்படியே செய்யலாம்: ஒவ்வொரு சிறிய காயிலிலும் ஏறக்குறைய 10,000 சுற்றுகள், இரண்டும் சேர்ந்து பத்து, பதினொரு கிலோ ஓம். குழியின் உட்புறம் முழுவதும் செம்பு ஒட்டுநாடா ஒட்டி, அதையும் உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜையும் எர்த் புள்ளியோடு இணைத்துவிடுங்கள். வால்யூமுக்கு 250 கிலோ ஓம் பாட் (திருகும் மின்தடை), டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போதும்.

வீணை மாணவி, பள்ளத்தூர்:

சகோதரருக்கு வணக்கம். மரவேலையும் மின்வேலையும் எனக்குத் தெரியாது. சுருதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வீணையில் ஃபிரெட்டுகளைப் போன்ற 24 மெட்டுகளையும் மெழுகின் மேல் காதால் சரிபார்த்துப் பதிக்கிறார்கள். இடம் தவறினால் மெழுகை இளக்கி நகர்த்தலாம். நாள்பட வாசித்துத் தேய்ந்தாலும் மறுபடி மேளம் கட்டலாம், அதாவது மெட்டுகளைப் புதிதாகப் பதிக்கலாம். உங்கள் கருவியிலோ வாளால் காடி போட்ட கணமே இடம் முடிவாகிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு ஃபிரெட்டையும் முந்தைய ஃபிரெட்டிலிருந்து அளந்தீர்களா என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் கால் மி.மீ. பிழை ஒரே பக்கமாகச் சேர்ந்தால் 12-ஆவதில் 3 மி.மீ. ஆகும், அது அரைச்சுரத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு, காதுக்கு நன்றாகவே உறுத்தும். மீதமுள்ள நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுத்து எல்லா இடங்களையும் முதலிலேயே கணக்கிட்டுக்கொண்டு, நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் தங்கும் கட்டை) ஒரே அளவுகோலை நகர்த்தாமல் குறியுங்கள். 864-க்கு முதல் ஃபிரெட் 48.5 மி.மீ., 12-ஆவது சரியாக 432.

ஆனாலும் ஒன்று. கழுத்து வளைந்து தந்தி 5 மி.மீ. உயரத்தில் நிற்கும்போது, அழுத்துவதாலேயே தந்தி நீண்டு சுருதி ஏறும். ஃபிரெட்டுகளின் மேல் தீர்ப்புச் சொல்லும் முன் அதையும் எண்ணிப் பாருங்கள்.

காயில் கட்டுபவன், காரைக்குடி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடையிலிருந்த கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்தேன்; பூச்சோடு 0.12 மி.மீ. காட்டுகிறது. இத்தனை ஆண்டுகள் கம்பியோடு பழகியும் கேஜ் முறை வேறாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஃபிரெட்டுகளையும் பள்ளத்தூர்ச் சகோதரி சொன்னபடியே ஒவ்வொன்றாகத்தான் அளந்திருந்தேன். இன்று நட்டிலிருந்து அளந்தபோது 12-ஆவது 434.5-இல் இருக்கிறது.

நிலைக்காலின் மேல் காந்தத்தை நகர்த்திப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் ஓரடிக்குள் இரண்டு இடங்களில் பிடிக்கிறது. வெளியே ஆணித்தலை தெரியவில்லை. மேல்முனையில் வளையங்கள் படுத்திருக்கின்றன. அண்ணே, அந்த ஆணிகளைத் தோண்டி எடுக்கலாமா, அல்லது அந்த ஓரடியை விட்டுவிடலாமா?

நிலைவாசல், தேவகோட்டை:

விட்டுவிடுங்கள். தரையோடு நின்ற அடிப்பகுதி பல மழைகளின் ஈரத்தைக் குடித்திருக்கும், ஆணியைச் சுற்றிய மரமும் கறுத்து உளுத்திருக்கும். மேலே ஆறடி போதும்: உடலுக்கு ஒரு பலகையில் இருபத்திரண்டு அங்குலத் துண்டுகள் மூன்று, கழுத்துக்கு மற்றப் பலகையில் மூன்றடி. சித்திரப் பலகையை மட்டும் வெட்டாமல் முழு நீளமாகவே வைத்துக்கொள்ளுங்கள்; வாள் போடும் முன் அந்த ஆணிகள் எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள்.

எத்தனை ஆண்டுகள் காய்ந்த மரமானாலும், கிழித்த பிறகு உள்ளிறுக்கம் தளர்ந்து சற்றே திரும்பும். ஒவ்வொரு பட்டையையும் மூன்று மி.மீ. கூடுதலாக அறுத்து, இடையில் குச்சிகள் வைத்து, நிழலில் ஆறு வாரங்கள் அடுக்கி வையுங்கள். அதற்குள் பிக்கப்பைச் சுற்றி முடித்துவிடலாம். பிறகு எந்தப் பட்டை எந்தப் பக்கம் வளைந்தது என்று படத்தோடு எழுதுங்கள். எதை இடப்புறமும் எதை வலப்புறமும் வைப்பது என்று அப்போது சொல்கிறேன்.