வரலாறை ஆறு ஆறு வாரமா பிரிச்சு நடத்தினவங்க இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம், ஒரு சின்ன ஹெல்ப் வேணும். வீட்லயே படிக்கிற என் ரெண்டு பசங்களுக்கும் (8 வயசு, 11 வயசு) போன வருஷம் வரலாறை ஆதிமனுஷன்ல ஆரம்பிச்சு வரிசையா கொண்டு போனேன், எகிப்து வந்ததும் மம்மி, பிரமிடுன்னு அங்கயே உக்காந்துட்டாங்க, வருஷம் முடியறப்போ ரோம் பக்கமே போகல. அதனால இந்த தடவை 36 வாரத்தை ஆறு பிளாக்கா பிரிக்கலாம்னு இருக்கேன், அஞ்சு வாரம் பாடம், ஆறாவது வாரம் விட்டதைப் பிடிக்க.

மெசபடோமியா, எகிப்து, சிந்து சமவெளி மூணுமே கி.மு. 2500 வாக்குல இருந்ததால ஒரே பிளாக்ல போட்டா ஒப்பிட்டுப் பாக்க நல்லா இருக்கும்னு தோணுது, ஆனா நேரம் பத்துமா? (எகிப்தை மறுபடி ஆரம்பிக்கவே பயமா இருக்கு!) அப்புறம் மேற்கு ரோம் விழுந்த 476ஓட ஒரு பிளாக்கை முடிச்சுட்டு அடுத்ததுல நேரா 1450கள்ல அச்சு இயந்திரத்துக்குத் தாவினா நடுவுல ஆயிரம் வருஷம் ஓட்டை விழுதே, சுவத்துல ஒரு டைம்லைன் ஒட்டி சமாளிக்கலாமா இல்ல அதுக்குன்னு தனி பிளாக்கே வேணுமா? பெரியவனுக்கு எழுத்து வேலை தனியா குடுக்கறீங்களா? இப்படி நடத்திப் பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.