ஆர்கேட் பெட்டியும் ஓ.எச்.பி. புரொஜெக்டரும்: பழைய செட்டிநாட்டு வீட்டுக்கு எப்படிச் செய்வது?

கானாடுகாத்தான்_வளவு கேட்டது:

வணக்கம். மே மாசம் பிள்ளைகள் எல்லாம் ஊருக்கு வந்து சேருவாங்க. அதுக்குள்ள ஆச்சி வீட்டுல ரெண்டு வேலை முடிக்கணும். ஒண்ணு, ரெண்டு பேர் நின்னு வீடியோ கேம் விளையாடுற ஆர்கேட் பெட்டி. இன்னொண்ணு, சுவத்துல படம் காட்டுற புரொஜெக்டர்.

கையில இருக்கிறது: ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர், சுருக்கமா 'பை'), பழைய 19 அங்குல எல்.சி.டி. மானிட்டர், எச்.டி.எம்.ஐ. போர்டோட 10.1 அங்குல எல்.சி.டி. பேனல் (1280×800), கல்லூரி ஏலத்துல வந்த ஓவர்ஹெட் புரொஜெக்டர் (ஓ.எச்.பி., கண்ணாடித் தாள்ல எழுதினதைச் சுவத்துல பெருசாக் காட்டுறது) ஒண்ணு. அதுல கண்ணாடி, லென்ஸ் எல்லாம் நல்லா இருக்கு, பல்பு மட்டும் இல்ல. கொல்லையில பழைய தேக்குப் பலகையும் கிடக்கு.

கேள்விகள்: பெட்டியைத் தேக்குலயே அடிக்கலாமா? ஒரே பையை ரெண்டுக்கும் போடலாமா? பட்டாலைச் (கூடத்து) சுவர் முட்டைப்பூச்சு, அதாவது முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, வழவழன்னு வெள்ளையா இருக்கு. அதுலயே நேரா படம் காட்டலாமா? புரொஜெக்டருக்கு 100 வாட் எல்.இ.டி. போதுமா?

இழைப்புளி எழுதியது:

பெட்டிக்கு மட்டும் சொல்றேன் தம்பி. லென்ஸ் கணக்கு தெரிஞ்சவங்க பின்னால வருவாங்க.

பக்கப் பலகைக்குத் தேக்கு வேண்டாம். 2 அடி அகலம் வேணும்னா மூணு பலகையை ஒட்டணும், ஒட்டு நாளாவட்டத்துல விலகும். பழைய மரத்துக்குள்ள ஒடிஞ்ச ஆணி இருக்கும், ரம்பப் பல் போயிடும். 18 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட், 12 மி.மீ. ஒரு ஷீட் வாங்குங்க. ரெண்டும் 8×4 அடி, தண்ணி தாங்குற பி.டபிள்யூ.ஆர். ரகம்.

18 மி.மீ. ஷீட்டுல 66 அங்குல உயரத்துக்கு ரெண்டு பக்கமும் பக்கத்துப் பக்கத்துல விழும். ரம்பம் போற வழியில 3 மி.மீ. மரத்தூளாப் போயிடும், அதனால பலகை அகலத்தை 24ன்னு குறிக்காம 23¾ அங்குலம்னு குறிங்க. மிச்சம் 30×48 அங்குலத் துண்டு வரும். அதுல உள் அகலம் 27 அங்குலமா வச்சு, கட்டைவிரல் பலகை 12 அங்குலம், அடிப்பலகை 22 அங்குலம், மானிட்டர் தாங்கி 12 அங்குலம்னு மூணும் எடுத்துடலாம். நான் கட்டைவிரல் பலகைன்னு சொல்றது பொத்தானும் ஜாய்ஸ்டிக்கும் பதிக்கிற பலகை. முன்பக்கம், பின்பக்கம், மேல்மூடி எல்லாம் 12 மி.மீ. ஷீட்டுல. மூலைக்கு ஒண்ணரை அங்குல ரீப்பர் (மரச்சட்டம்) வச்சு உள்ளேயிருந்து ஸ்குரூ முடுக்கினா வெளியில ஆணித்தலை தெரியாது.

அந்தத் தேக்கைப் பிளைவுட் விளிம்பை மூடுற பீடிங்கா (மெல்லிய பட்டியா) இழைங்க. ஆர்கேட் பெட்டிக்குன்னு வர்ற பிளாஸ்டிக் விளிம்பைத் தேடி அலைய வேண்டாம். 18 மி.மீ. அகலத்துல அரைவட்டமா இழைச்சு, ஃபெவிகாலும் தலையில்லா ஆணியும் போட்டா வீட்டு நிலைக்கதவோட சேர்ந்து நிக்கும். நம்ம பக்கத்து ஆசாரிங்களுக்கு அது கைவந்த வேலை.

கட்டைவிரல் பலகை தரையிலேருந்து 36 அங்குல உயரம்னா பெரியவங்களுக்குச் சரி. பிள்ளைகளுக்கு 32 போதும். ரெண்டு பேருக்கும் வேணும்னா 36 வச்சு, கீழ ஒரு மணைப்பலகை போடுங்க. வெட்டுறதுக்கு முன்னாடி அட்டைப்பெட்டியைக் கிழிச்சு, பொத்தான் இடம் எல்லாம் வட்டம் போட்டு, மேசை மேல வச்சு ரெண்டு பேர் பக்கத்துல நின்னு பாருங்க. முழங்கை இடிச்சா அட்டையிலயே மாத்திக்கலாம்.

துளை போடுறதுல ரெண்டு விஷயம். 30 மி.மீ. ஸ்னாப் பொத்தானோட பிளாஸ்டிக் நாக்கு சில மி.மீ. தடிமனைத்தான் கவ்வும், 18 மி.மீ. பலகையில நிக்காது. மரத்துக்கு நீளத் திருகும் நட்டும் உள்ள பொத்தான் வாங்குங்க, அதுக்கு 28 மி.மீ. துளை. ரெண்டாவது, ஹோல் சாவை (வட்டத் துளை வெட்டுற ரம்பத்தை) மேலேயிருந்து முழுசா இறக்காதீங்க. நடுத் துளைப்பான் முனை அடியில எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி மறுபக்கத்துலேருந்து முடிங்க. இல்லேன்னா பிளைவுட்டோட மேல் மரத்தாள் (வெனீர்) பிய்ஞ்சு வந்துரும். அப்புறம் ஜாய்ஸ்டிக் தண்டு நீளம் மெல்லிய தகட்டுக்குன்னு செஞ்சது. அது உட்கார்ற இடத்துல அடியிலேருந்து 12 மி.மீ. ஆழம் குடைஞ்சு, மேல 6 மி.மீ. விடுங்க.

சக்கரம் போடுறதா இருந்தா ரப்பர் சக்கரம் மட்டும். ஆத்தங்குடிக் கல் சுட்ட ஓடு இல்ல, கண்ணாடி மேல வார்த்த சிமென்ட். 50 கிலோ பெட்டிக்கு இரும்புச் சக்கரம் போட்டு இழுத்தா கோடு விழும், அந்தக் கோடு போகவே போகாது. தரை கழுவுற வீடு, அடிப்பலகை தரையைத் தொடாம 2 அங்குலம் தூக்கி வைங்க. எந்த அறைக்குப் போகுதோ அந்த நிலையோட உள் அகலத்தையும் வாசப்படி உயரத்தையும் முதல்ல அளந்துக்குங்க.

ஈயப்பற்று எழுதியது:

இழைப்புளி அண்ணன் சொன்னதோடு வயரிங்கைச் சேர்க்கிறேன்.

ஒரு ஆளுக்கு ஒரு ஜாய்ஸ்டிக், 6 பொத்தான், ஸ்டார்ட், காயின் என்று மொத்தம் 8 பொத்தான். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆறு பொத்தான் ஆட்டம், அதற்குக் குறையக் கூடாது. பொத்தான்களைப் பையோடு இணைக்க ஆளுக்கொரு 'ஜீரோ டிலே' யு.எஸ்.பி. போர்டு போதும், ஒவ்வொன்றிலும் 12 பொத்தான் வரை செருகலாம். இரண்டு போர்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் பைக்கு எது முதல் ஆள் என்று தெரியாது. எந்த யு.எஸ்.பி. துளையில் செருகி அமைத்தீர்களோ அதே துளையில் நிரந்தரமாக விட்டுவிடுங்கள், மாற்றிச் செருகினால் ஆட்கள் இடம் மாறுவார்கள். ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளினால் கீழே போகிறது என்றால் 5 பின் கனெக்டரைப் புரட்டாதீர்கள். அதில் ஒரு ஓரம் கிரவுண்டு. மென்பொருளில் திசையை மாற்றினால் போதும்.

1980இன் பேக்-மேன் போன்றவை நாலு திசை ஆட்டங்கள். எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் மூலை திசை பட்டு, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போகும். ஜாய்ஸ்டிக் அடியில் உள்ள தடுப்புத் தகட்டை நாலு திசைக்கு மாற்றும் வகை கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

உங்கள் 19 அங்குல மானிட்டர் அநேகமாக 1280×1024. அது 5:4, ஆட்டங்கள் 4:3. மேலும் கீழும் மெல்லிய கறுப்புப் பட்டை வரும், இழுத்து நிரப்பாதீர்கள். வி.ஜி.ஏ. மட்டும் உள்ள மானிட்டர் என்றால் சில்லு உள்ள கன்வெர்ட்டர் வேண்டும், வெறும் கேபிள் வேலை செய்யாது. படுக்கையாகவே வைத்து 15 டிகிரி பின்னால் சாய்த்துவிடுங்கள். செங்குத்தாகத் திருப்பினால் இந்த ரகப் பேனலில் ஒரு பக்கம் நிற்பவருக்கு வெளுத்துத் தெரியும்.

ஒரே பையில் இரண்டு திரை வேண்டாம். ஒரு படத்தை இரண்டு திரைக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஏதோ ஒரு திரையின் அளவைத்தான் பைக்குச் சொல்லும், மற்றதில் படம் நசுங்கும். ஸ்விட்ச் வைத்து ஒரு நேரத்தில் ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம்.

பைக்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர். வோல்டேஜ் 4.63க்குக் கீழ் இறங்கினால் திரை மூலையில் மின்னல் குறி வரும். வந்தால் அடாப்டரையோ கேபிளையோ மாற்றுங்கள். ஆட்டத்தின் நடுவே கரண்ட் போனால் மெமரி கார்டு கெடும். அமைப்பு முடிந்ததும் கார்டைப் படியெடுத்து வைத்துவிடுங்கள். சிறிய யு.பி.எஸ். இருந்தால் இன்னும் நல்லது. பழைய வீட்டில் எர்த் இல்லாத இரண்டு துளை பிளக் இருந்தால் முதலில் எர்த் இழுக்கச் சொல்லுங்கள். புரொஜெக்டரில் உலோக உடம்பும், எல்.இ.டி.க்கு மின்சாரம் கொடுக்கும் 230 வோல்ட் டிரைவரும் சேர்ந்து இருக்கப்போகிறது. பிள்ளைகள் கைபடும் பொருள், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

குவியத்தூரம் எழுதியது:

புரொஜெக்டருக்கு வருகிறேன். ஓ.எச்.பி.யைப் பிரிக்காதீர்கள். தாள் வைக்கும் கண்ணாடி மேடைக்கு அடியில் இருக்கும் ஃபிரெனல் தகடும் (வட்ட வரிகள் உள்ள தட்டை லென்ஸ்) மேலே உள்ள லென்ஸும் ஒன்றுக்கொன்று பொருத்தி வைத்தவை. அந்தப் பொருத்தத்தைப் பெட்டி செய்து மறுபடி கொண்டுவருவதுதான் இந்த வேலையிலேயே கடினம். பல்பின் இழை இருந்த அதே புள்ளியில் எல்.இ.டி. சில்லின் நடு வர வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் லென்ஸின் குவியத்தூரத்தை அளந்துகொள்ளுங்கள். லென்ஸ் தலையைக் கழற்றி, தூரத்துக் கோபுரமோ மரமோ ஒரு வெள்ளைத்தாளில் தெளிவாக விழும் இடத்தில் லென்ஸுக்கும் தாளுக்கும் உள்ள தூரம். பெரும்பாலும் 300 மி.மீ.யை ஒட்டி வரும். 300 என்றே வைத்துக் கணக்குச் சொல்கிறேன்.

படம் எத்தனை மடங்கு பெரிதாக வேண்டும் என்பதை மு என்று வைத்தால், லென்ஸிலிருந்து சுவர் 300 × (மு+1), பேனலிலிருந்து லென்ஸ் 300 × (1 + 1/மு). உங்கள் பேனலின் படப்பகுதி ஏறக்குறைய 217×136 மி.மீ. 7 மடங்கு என்றால் படம் 1.52 மீட்டர் அகலம், அதாவது 5 அடி. சுவர் 2.4 மீட்டரில், பேனல் லென்ஸிலிருந்து 343 மி.மீ.யில். 11 மடங்கு என்றால் சுவர் 3.6 மீட்டரில், படம் கிட்டத்தட்ட 8 அடி.

8 அடிக்கு ஆசைப்பட வேண்டாம். ஏன் என்றால் வெளிச்சம். நல்ல 100 வாட் எல்.இ.டி. சில்லு 9,000 லூமன் (வெளிச்சத்தின் மொத்த அளவு) கொடுக்கிறது என்று வையுங்கள். அதில் பாதி மேடைக்கு வந்து சேர்ந்தாலே பெரிது, 4,500. மேடை சுமார் 285 மி.மீ. சதுரம், பேனல் அதில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான், 1,600. எல்.சி.டி. பேனல் தன் வழியாக விடுவது 5 சதவீதம்தான். கடைசியில் சுவருக்குப் போவது 80 லூமன். 5 அடிப் படத்தில் அது 55 லக்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 55 லூமன். திரையரங்குத் திரையில் விழுவது 150 லக்ஸ் அளவு. முழு இருட்டில் 5 அடிப் படம் கண்ணுக்கு இதமாக இருக்கும், 8 அடியில் மங்கிப்போகும். பழைய 250 வாட் ஹாலஜனைத் தேடிப் போட்டாலும் வெளிச்சம் இதே அளவுதான், சூடு மட்டும் பேனலைத் தின்றுவிடும்.

அதனால் பட்டாலையை விட்டுவிடுங்கள். அதை ஒட்டிய வளவு (நடு முற்றம்) திறந்த வெளி, இரவிலும் எங்காவது விளக்கு எரியும். வளவை ஒட்டிய உள்ளறை ஒன்று 10 அடி நீளம் இருந்தால் அதுவே போதும். கதவைச் சாத்தினால் பகலிலும் இருட்டு.

முட்டைப்பூச்சுச் சுவரில் நேராகக் காட்டாதீர்கள். அது மெருகேற்றிய பரப்பு, படத்தின் நடுவில் பல்பு தெரிவதுபோல் ஒரு பளிச்சிட்ட திட்டு விழும், உட்காரும் இடத்துக்கு ஏற்ப அது நகரும். அதற்காகச் சுவரில் பெயின்ட் அடிக்கவும் வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், பிளாஸ்டிக் எமல்ஷன் அதை மூடி, செதில் செதிலாக உரியும். திரைச்சீலைக்குப் பின்னால் போடும் வெள்ளை பிளாக்அவுட் துணியை மேலும் கீழும் குழாய் கோத்துத் தொங்கவிடுங்கள். திரைக்கு முன் தரையில் கறுத்த ஜமுக்காளம் ஒன்று விரியுங்கள். ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பு வெளிச்சத்தைத் திரைக்கே திருப்பி அனுப்பிக் கறுப்பைச் சாம்பலாக்கும்.

பேனலைப் பிரிக்கும்போது பின்பக்க விளக்கு, வெள்ளைத் தாள்கள், அக்ரிலிக் தகடு எல்லாம் போகட்டும். கண்ணாடியும் அதன் ஓரம் ஒட்டிய நாடா கேபிளும் மட்டும் மிஞ்ச வேண்டும். அந்த நாடாவை ஒரே இடத்தில் இரண்டு முறை மடித்தால் திரையில் நிரந்தரக் கோடு. மேடைக் கண்ணாடி மேல் நேராக வைக்காமல் 20 மி.மீ. உயர்த்தி வையுங்கள். காற்றும் போகும், ஃபிரெனலின் வட்ட வரிகளும் படத்தில் விழாது. முகம் மேலே பார்த்தபடி, திரைக்கு முதுகு காட்டி நிற்பவர் படிக்கும் வாகில் வைத்தால் சுவரில் நேராக வரும். பேனலைச் சுற்றி மிஞ்சும் மேடையைக் கறுப்பு அட்டையால் மூடிவிடுங்கள்.

ஈயப்பற்று எழுதியது:

எல்.இ.டி.க்குச் சில வார்த்தை. 100 வாட் சில்லுக்கு 30 முதல் 36 வோல்ட், 3 ஆம்பியர். வெறும் 36 வோல்ட் சப்ளையில் கொடுத்தால் சூடேற ஏற அதிகக் கரண்ட் இழுத்துக் கருகிவிடும். கரண்டை நிலையாக வைக்கும் டிரைவர்தான் வேண்டும், அதிலும் 2.4 ஆம்பியர் வகை. வெளிச்சம் கொஞ்சம்தான் குறையும், ஆயுள் கூடும்.

சூட்டுக்குக் கம்ப்யூட்டர் பிராசஸருக்கு வரும் வெப்பக்குழாய் வைத்த டவர் கூலரும் 12 வோல்ட் ஃபேனும். சில்லுக்கும் செம்புக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட் மெல்லிய படலமாக. ஃபேன் நின்றால் சில நிமிடத்தில் சில்லு போய்விடும், ஆகவே 75 டிகிரியில் துண்டிக்கும் தெர்மல் ஸ்விட்சை ஹீட்சிங்கில் ஒட்டி டிரைவரின் ஃபேஸ் வயரில் தொடராகச் சேருங்கள். பேனலுக்குக் குறுக்கே காற்றடிக்கத் தனியாக ஒரு ஃபேன். சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி. பேனல் மிகச் சூடானால் கறுப்புத் திட்டு வரும், ஆறினால் போய்விடும், அது எச்சரிக்கை. பேனல் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் போலரைசர் படலம் பழுப்பேறினால் திரும்பாது.

கானாடுகாத்தான்_வளவு கேட்டது:

ரொம்ப நன்றி அண்ணே. அப்ப உள்ளறைதான். எல்.இ.டி.யை இழை இருந்த புள்ளியில வைக்கிறது எப்படித் தெரியும்? பல்புதான் இல்லையே.

குவியத்தூரம் எழுதியது:

பேனல் வைப்பதற்கு முன்னால் பாருங்கள். டிரான்ஸ்பரன்சி தாளில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) மார்க்கரால் ஒரு அங்குலக் கட்டம் போட்டு மேடையில் வைத்துக் கட்டங்கள் கூர்மையாக வரும் வரை லென்ஸ் தலையை ஏற்றி இறக்குங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு வெறும் வெளிச்சத்தைப் பாருங்கள். மூலைகளில் மஞ்சளோ நீலமோ தெரிந்தால் எல்.இ.டி. உயரம் தப்பு. ஒரு பக்கம் மட்டும் இருண்டால் நடுவிலிருந்து விலகி இருக்கிறது. ஹீட்சிங்கை நாலு நீள போல்டில் நிறுத்தி, நட்டை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி, நாலு மூலையும் ஒரே வெள்ளையாக வந்ததும் பூட்டு நட்டு போட்டு இறுக்குங்கள். பேனல் அதற்குப் பிறகுதான்.